பசுவைப் போன்றது, எருமையைப் போன்றது

சென்ற டிசம்பரில் தாஜிப்பூர்க் காட்டில் எடுத்த ஒளிப்படம் ஒன்றை இங்குப் பகிர்ந்திருந்தேன். சட்டம் முழுவதும் மூடுபனி. அதன் வலப்புறத்தில் ஓர் அடர்ந்த கருமை. கருமைக்குக் கீழே, முழங்கால் வரை வெள்ளைத் துணி சுற்றியதைப் போன்ற கால்கள். அவ்வளவுதான் தெரியும். கண் தெரியாது, கொம்பின் நுனியும் ஊகித்தால்தான் உண்டு. நண்பர்கள் சிலர் அதனைக் காட்டெருமை என்றனர், சிலர் பைசன் என்றனர், வனத்துறைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் காட்டுமாடு என்பதே சரி என்றார். எது சரியான பெயர் என்று என்னைக் கேட்டவர்களுக்கு உடனே விடை எழுத இயலவில்லை. மொழியியல் படித்தவளிடம் பெயரைப் பற்றிக் கேட்டால் விடை சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் எளிதாகத் தள்ளிவிடக்கூடியது பைசன். அப்பெயருக்குரிய விலங்குகள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்பவை. இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஆங்கிலேயர்கள், தாம் அறிந்த பெயரைத் தாம் அறியாத விலங்கின்மீது சூட்டினர். அது இன்றுவரை சுற்றுலாப் பலகைகளில் வாழ்கிறது. 1827இல் சார்ல்ஸ் ஹாமில்டன் ஸ்மித் என்பவர் இவ்விலங்கிற்குப் போஸ் கௌரஸ் என்னும் அறிவியற்பெயரை வழங்கினார். போஸ் என்பது பசு, எருது முதலிய மாடுகளின் பேரினம். கௌர் என்பது இந்தி வழக்கு. அதன் மூலமான சமஸ்கிருதச் சொல்லுக்கு வெண்மை, மஞ்சள் கலந்த வெண்மை என்று பொருள். முதிர்ந்த காளை ஏறத்தாழக் கன்னங்கரேலென்று இருக்கும். சொல்லின் பொருளுக்கும் விலங்கின் நிறத்துக்கும் பொருத்தமே இல்லை. வெண்மையான கால்களை மட்டும் பார்த்துவிட்டு யாரோ பெயர் வைத்துப் போய்விட்டார்களோ என்று விளையாட்டாக நினைத்துக்கொள்வேன்.

தென்னாட்டு மொழிகளில் நிலைமை வேறு. தமிழில் காட்டெருமை, மலையாளத்தில் காட்டுபோத்து, கன்னடத்தில் காடுகோண. போத்தும் கோணமும் எருமைக்கடாவைக் குறிப்பவை. ஆக மூன்று மொழிகளும் இவ்விலங்கை எருமையோடு ஒப்பிட்டே பெயரிட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் கருமை அவ்வாறு ஒப்பிடத் தூண்டுகிறது. ஆனால் எருமையின் பேரினம் வேறு. இவ்விலங்கு மாட்டுக்கே உறவு. பழந்தமிழில் இதற்கு வழங்கிய பெயர் ஆமா. ஆவும் மாவும் சேர்ந்த சொல். அதாவது சங்கப் புலவர்கள் இதனைப் பசுவின் பக்கம் வைத்தனர். நாம் எருமையின் பக்கம் கொண்டுபோய்விட்டோம். இப்படிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், தொல்காப்பிய மரபியல் குறுக்கே நிற்கிறது. அங்கு ஆ என்பது பெற்றம், எருமை, மரை ஆகிய மூன்றன் பெண்ணுக்கும் உரிய பெயர். ஆகவே ஆமா என்ற சொல்லை வைத்துக்கொண்டு, பண்டைத் தமிழர் உயிரியல் வகைப்பாட்டை முன்னரே அறிந்திருந்தனர் என்று யாரும் பதிவு எழுதிவிட வேண்டாம். சொல்லுக்குள் பசு மட்டும் இல்லை.

நான் வாழும் ஊரின் மொழியான மராத்தியில் இதன் பெயர் கவா. சமஸ்கிருதத்தின் கவய என்பதன் வழிவந்த சொல். இச்சொல்லை நான் முதன்முதலில் கண்டது காட்டில் அன்று; முதுகலை வகுப்பில், சொற்பொருண்மை பற்றிய பாடத்தில். இந்தியத் தருக்க நூல்களில் உவமானம் என்னும் அளவையை விளக்க வரும் எடுத்துக்காட்டு இவ்விலங்குதான். நகரத்தில் வாழும் ஒருவன் கவயத்தைப் பார்த்ததில்லை. காட்டில் வாழ்பவன் ஒருவன் அவனிடம், கவயம் பசுவைப் போலிருக்கும் என்று சொல்கிறான். பின்னர் அவன் காட்டுக்குச் செல்கிறான். பசுவைப் போன்ற, ஆனால் பசு அல்லாத விலங்கொன்றைக் காண்கிறான். கேட்ட சொல் நினைவுக்கு வருகிறது. இதுதான் கவயம் என்று அறிகிறான். இந்த அறிவு காட்சியா, கேள்வியா, ஊகமா, அல்லது இவற்றில் அடங்காத தனி வழியா என்பதே வாதம். நியாயத்தார் தனி வழி என்றனர். பௌத்தத் தருக்கர் திக்நாகர் தனி வழி வேண்டியதில்லை என்றார். தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் அளவைவாதி தன் அளவைகளை விளக்கும்போது உவமத்துக்குக் கவயத்தையே சான்றாக்குகிறான். மணிமேகலை அதனைக் கேட்டுக்கொள்கிறாள், ஏற்றுக்கொள்ளவில்லை. 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் அளவைகள் இரண்டே. கவயம் அங்கு இல்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தருக்க நூல்களில் மேய்ந்துகொண்டிருக்கும் இவ்விலங்கைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை அந்த வகுப்பில் முளைத்தது. தாதரிலிருந்து மகாலட்சுமி விரைவுவண்டியில் ஓர் இரவுப் பயணம் கோலாப்பூர். அங்கிருந்து போண்டா மலைப்பாதையை நோக்கிச் செல்லும் சாலையில் ராதாநகரியைக் கடந்தால் தாஜிப்பூர். கோலாப்பூர் அரசர்களின் வேட்டைக்காடாக இருந்த நிலம் இது. 1958இல் கவாவுக்காகவே சரணாலயமாக்கப்பட்டது. அரசு வைத்த பெயரிலும் பைசன்தான். இன்று 351 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள ராதாநகரி சரணாலயத்தின் பகுதி. 2012இல் மேற்குத்தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, மகாராஷ்டிரத்திலிருந்து சேர்ந்த நான்கில் இதுவும் ஒன்று. அடர்காடும் சடா எனப்படும் செம்புறைப்பாறை மேட்டுவெளிகளும் மாறிமாறி வரும் நிலம். குளிர்கால விடியலில் நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து மூடுபனி எழுந்து இவ்வெளிகளை நிரப்பிவிடுகிறது. மராத்தியில் அதற்குத் துகே என்று பெயர். மும்பைவாசிகளாகிய நாம் செம்பூரில் ஜனவரி காலைகளில் காண்பதையும் துகே என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதில் நீரைவிடப் புகையே மிகுதி, தொண்டைக்குத் தெரியும்.

விடியற்காலையில் திறந்த ஜீப்பில், உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் புறப்பட்டோம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் அரைமணி நேரம் பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. பின்னர் ஒரு வளைவில் ஓட்டுநரின் தோளைத் தொட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். எந்திரம் அடங்கியது. "தாயீ, கவா. உஜ்வீகடே" என்றார் மெல்ல. வலப்பக்கம் பார்த்தேன். வெண்மையைத் தவிர எதுவும் இல்லை. அவர் மறுபடியும் சொல்லவில்லை, சுட்டவும் இல்லை. நான் அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அதன் ஒரு பகுதி மற்றதைவிடக் கனமாகத் தோன்றியது. பிறகு அந்தக் கனத்துக்கு ஒரு மேல்விளிம்பு வந்தது. கழுத்திலிருந்து உயர்ந்து, முதுகின் நடுவரை ஓடி, சட்டென்று படியிறங்குவதைப் போல் தாழும் விளிம்பு. மார்பு முள்ளெலும்புகளின் நீட்சியால் அமையும் இம்மேட்டைப் பற்றி முன்பே படித்திருந்தேன். அந்த விளிம்பைக் கண்ட பிறகுதான் கால்களும் தெரிந்தன. அவை அதுவரை அங்கேதான் இருந்தன என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

தருக்க நூலாசிரியர்கள் காட்டுக்கு நல்ல வெளிச்சத்தில்தான் தங்கள் நகரத்தானை அனுப்பினார்கள் போலும். அங்கே விலங்கு முதலில் தெரிகிறது. பெயர் பின்னர் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூடுபனியில் பெயர் முதலில் வருகிறது. கவா என்ற சொல்லைக் கேட்டிராவிட்டால் நான் அந்த வெண்மையை அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டேன். பார்த்திருந்தாலும் பாறை என்று கடந்திருப்பேன். என் ஆய்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் ஒரு சொல் எப்படிப் பொருளைச் சுட்டுகிறது என்பதைப் பற்றி நான் படித்த கட்டுரைகளுள் பல, அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவை என்று தோன்றுகிறது.

ஒளிப்படம் எடுப்பதைப் பற்றிக் கேட்டவர்களுக்காகச் சில செய்திகள். கேமராவின் ஒளிமானி, தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். மூடுபனி வெண்மையானது, அதை அது அழுக்குச் சாம்பலாக்கிவிடும். எனவே ஒளியை ஏறத்தாழ ஒரு படி கூட்ட வேண்டும். இது எல்லாப் புத்தகத்திலும் உள்ளது. சிக்கல் என்னவென்றால், சட்டத்துக்குள் கரிய விலங்கு பெரிதாக வந்துவிட்டால் ஒளிமானி எதிர்ப்பக்கம் ஓடும். கருமையைச் சாம்பலாக்க முயன்று, பனியைச் சுண்ணாம்பாக்கிவிடும். விலங்கு நகர நகரக் கணக்கு மாறும். ஆகவே தானியங்கியை நம்பாமல், விலங்கில்லாத வெறும் பனியை மட்டும் அளந்து, அதற்குமேல் ஒரு படியும் கொஞ்சமும் கூட்டி, அந்த அளவைக் கையால் பூட்டிவைப்பது என் வழக்கம். கருமை எவ்வளவு கருமையோ அவ்வளவாகவே விழட்டும்.

குவியம் இன்னும் கடினம். தானியங்கிக் குவியம் ஒளிமாறுபாட்டைத் தேடும். பனியில் மாறுபாடே இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் நமக்கு நான்கடி முன்னாலிருக்கும் புல்லின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். இவ்விலங்கில் அதற்கு ஒரு மருந்து உண்டு. முழங்காலுக்கு அருகே கருமை முடிந்து வெண்மை தொடங்கும் கோடு, உடல் முழுவதிலும் இருப்பவற்றுள் கூர்மையான எல்லை. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் காலும் தோளும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால் காலைப் பிடித்தால் போதும். இதையெல்லாம் நான் பழகியது கோரேகாவில், ஆரே பால் குடியிருப்பின் தபேலாக்களில். நகரத்துக்குள் இருந்த எருமைத் தொழுவங்களை வெளியேற்றுவதற்காக 1949இல் தொடங்கப்பட்ட இடம். குளிர்காலத்தில் ஆரேயில் மெல்லிய பனி இறங்கும்; கரிய எருமைகள் அதில் நிற்கும். பயிற்சிக்கு அதைவிட நல்ல களம் இந்நகரத்தில் இல்லை. ஆக என்னுடைய ஒப்புமைப் பொருளும் எருமையாகவே அமைந்தது. காட்டெருமை என்று பெயர் வைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை குறைவு.

ஒளிப்பட நூல்கள் மூடுபனியைப் பற்றி அழகை மட்டுமே பேசுகின்றன. அதிலுள்ள ஒரு பொறியைப் பேசுவதில்லை. தெளிந்த காலையில் தொலைவிலிருந்தபடியே நீண்ட லென்ஸால் விலங்கை அருகே கொண்டுவரலாம். பனியில் அது நடக்காது. லென்ஸ் எத்தனை நீளமாயினும், நமக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள நீர்த்துளிகள் அனைத்தும் ஒளியைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும். தொலைவு கூடக்கூட உருவம் கரைந்துபோகும். தெளிவு வேண்டுமானால் உடலால் நெருங்குவது ஒன்றே வழி. அதாவது, விலங்கு நம்மைத் தாமதமாகக் கண்டறியக்கூடிய அதே வேளையில், நாம் மேலும் நெருங்க வேண்டும் என்று கேமரா சொல்கிறது. தோளளவில் இரண்டு மீட்டரை எட்டக்கூடிய, ஆயிரம் கிலோவைத் தொடக்கூடிய உடல் அது. பனிக்குள் திடுக்கிட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அன்று நாங்கள் நெருங்கவில்லை. அது தானாக நெருங்கியது. தனிக் காளை. மேய்ந்துகொண்டே பாதையின் ஓரத்துக்கு வந்து தலையை உயர்த்தியது. பின்னர் மெதுவாகத் திரும்பி, தன் முழு நீளத்தையும் எங்களுக்குக் காட்டி நின்றது. முதுகு மேடு, தோள், அலைதாடி எல்லாம் ஒரே கோட்டில். ஒளிப்படக்காரருக்கு இதைவிட நல்ல நிலை வாய்க்காது. ஆனால் ஜார்ஜ் ஷாலர் கன்ஹா காட்டில் செய்த ஆய்வை 1967இல் வெளியிட்டபோது இந்நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். காளைகள் எதிரியின் முன் முட்டுவதற்குத் தலைதாழ்த்துவதைவிட, இப்படிப் பக்கவாட்டில் நின்று தம் உடலின் அளவைக் காட்டி அச்சுறுத்துவதே பெரும்பான்மை. நமக்கு அழகாக நிற்பதாகத் தோன்றும் அந்த நிலை, அதன் மொழியில் போ என்பதற்கு உரியது. வழிகாட்டி ஷாலரைப் படித்தவர் அல்லர். "காடி ஹளூ மாகே கே" என்று ஓட்டுநரிடம் சொன்னார். வண்டி சிறிதுசிறிதாகப் பின்வாங்கியது. நான் பகிர்ந்த படம் அப்படிப் பின்வாங்கி நின்ற பின், பனி அதனைப் பாதி விழுங்கிய நிலையில் எடுத்தது. தெளிவாகத் தெரிந்த அரைநிமிடத்தில் எடுத்த படங்களும் இருக்கின்றன. அவற்றில் அதன் கண் நேராக என்னைப் பார்க்கிறது. அவற்றை வெளியிடும் விருப்பம் எனக்கு இல்லை. மேய்ச்சலை நிறுத்தச்செய்த கணம் அது. படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதில் பதிவாகியிருப்பது எங்கள் வருகைதான், அதன் வாழ்வு அன்று.

தமிழ் அறிந்தவர்கள் இவ்விடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கனத்த கேமராவுக்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டிருந்தார். முதுமலையில் வனத்துறை யானையின் மேலமர்ந்து அவர் எடுத்த படங்களில் விலங்குகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். யானைமேல் வரும் மனிதனை அவை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பதே காரணம். தீபகற்ப இந்தியாவின் பேருயிர்கள் குறித்த அவருடைய கள ஆய்வை, நம் ஊரின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தன் ஆய்விதழில் தொடராக வெளியிட்டு, 1975இல் நூலாக்கியது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவி இவ்விலங்குகள் பெருமளவில் மாண்ட காலம் அந்த ஆய்வுக்குள் அடங்கும். வீட்டு மாடுகளுக்கும் காட்டு விலங்குக்கும் ஒரே நோய். இது பசுவைப் போன்றதா, எருமையைப் போன்றதா என்று மொழிகள் வாதிட்டுக்கொண்டிருக்க, பசுவையும் எருமையையும் இதனையும் அக்கிருமி வேறுபடுத்தவே இல்லை. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் அவ்வாறு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுவே.

நெருங்குதலைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு, நம் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி காரணம். 2020 டிசம்பர் 9ஆம் நாள் காலை, புணேயின் கோத்ருட் பகுதியில் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு கவா காணப்பட்டது. செய்தி பரவியது, கூட்டம் கூடியது. அது மிரண்டு ஓட, கூட்டமும் பின்னே ஓடியது. கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்தபடி ஓடியவர்களை அன்றைய காணொளிகளில் பார்த்தோம். காயங்களோடு மணிக்கணக்கில் ஓடிய அதனை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். அன்றே அது இறந்துவிட்டது. அதே மாதத்தில் அதே நகரின் பாவ்தன் பகுதிக்கு மற்றொரு கவா வந்தது. இம்முறை மக்களை விலக்கி நிறுத்தி, அது காட்டுப்பக்கம் திரும்பிப்போக வழிவிட்டனர். அது திரும்பிப் போயிற்று. இரண்டு வாரங்களுக்குள் இரு விலங்குகள், இரு முடிவுகள். இடையில் மாறியது விலங்கன்று. மனிதர்கள் நின்ற தொலைவு மட்டுமே.

நகரத்தான் கவயத்தைத் தேடிக் காட்டுக்குப் போவதாகவே நூல்களில் கதை. கவயம் நகரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தருக்கரும் கேட்கவில்லை. கோத்ருட்டில் கூடியவர்களிடம் அதைப் பற்றிச் சொல்ல ஒரு காட்டுவாசி அருகில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பசுவைப் போலிருக்கும் என்பது அன்று உதவியிருக்காது. பசுவை நாம் துரத்தலாம், விரட்டலாம், தொடலாம் என்றல்லவா பழகியிருக்கிறோம். கொடைக்கானலில் ஏரிச் சாலையிலும் குடியிருப்புத் தெருக்களிலும் இவை உலவுவது இப்போது அன்றாடக் காட்சி. சுற்றுலா வந்தவர்கள் அருகில் நின்று தற்படம் எடுப்பதற்குக் காரணமும் இதே ஒப்புமைதான்: மாடுதானே. இங்கே ஒற்றுமையைவிட வேற்றுமையைச் சொல்லும் சொல்லே தேவைப்படுகிறது. பெயர் பற்றிய கேள்வி அகராதிக்காரரின் பொழுதுபோக்கு அன்று என்று நான் கருதுவதும் இதனால்தான்.

அப்படி வேற்றுமையை உடனே கண்டு சொன்ன ஒருவரை நான் அறிவேன். தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகே வாழும் என் பெரியப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, தோல் பதனிடும் பட்டறையில் வேலை தொடங்கி, பட்டறைகள் ஊரைவிட்டுப் போனபின் தோல்பைகள் தைக்கும் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

"ஏட்டி, இது எருமைல்லா? இதப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன?" என்றார்.

பேசாமலிருந்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, முதுகின் விளிம்பில் நிறுத்தினார்.

"இல்ல. எருமை இல்ல. முதுகப் பாரு, ஏறி நிக்கு. இந்தத் தோல உரிச்சா பலகையில சமமா விரியாது, நடுவுல தூக்கிக்கிட்டு நிக்கும். இது மாட்டுச் சாதிதான். ஆனா நம்ம மாடு இல்ல."

வனத்துறைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி அட்டவணை பார்த்துச் சொன்னதைத் தோலின் வழியாக வந்து அவர் சொல்லிவிட்டார். பனி மறைத்ததுபோக எஞ்சிய ஒரு கோடு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதனால்தான் படத்திலிருந்து பனியை நீக்கித் தரச் சொன்ன நண்பரின் கோரிக்கையை ஏற்கவில்லை. இப்போதைய மென்பொருள்களில் மூட்டத்தை விலக்க ஒரு பட்டை உண்டு. வலப்புறம் தள்ளினால் கருமை பளிச்சென்று வந்து நிற்கும். செய்து பார்த்தேன். விலங்கின் தோளில் இல்லாத கோடுகள் தோன்றின. புல்லுக்கு இரும்பின் நிறம் வந்தது. அந்தத் தெளிவு அன்று காலையில் யாருக்கும் கிடைத்த தெளிவன்று. இன்னொரு நண்பர் துல்லியமான இடத்தைக் கேட்டார். தாஜிப்பூர் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். கோப்பிலிருந்த இடக்குறிப்பையும் நீக்கிய பிறகே பகிர்ந்தேன். அந்த வளைவில் பனி நாளில் பத்து வண்டிகள் நிற்பதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

இனிப் பெயர். என் எழுத்தில் ஆமா என்றே எழுதப்போகிறேன். அச்சொல் பேச்சு வழக்கில் ஆம் என்பதோடு மோதும், நகைப்புக்கு இடமாகும் என்று ஆய்வு நண்பர் ஒருவர் எச்சரித்தார். உண்மைதான். வகுப்பில் இது என்ன என்று கேட்டால் ஆமா என்று விடைவரும் வேடிக்கையை நானும் எதிர்பார்க்கிறேன். காட்டுமாடு என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. காட்டெருமை என்று சொல்பவரைத் திருத்தும் எண்ணமும் இல்லை. ஆரேயின் எருமைகள் இல்லாமல் நான் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது.

மீமாம்சகர்கள் உவமானத்தைப் பற்றி நியாயத்தாரோடு மாறுபடும் இடம் ஒன்றுண்டு. காட்டில் கவயத்தைக் கண்டவன் அடையும் புதிய அறிவு கவயத்தைப் பற்றியதன்று என்பர் அவர்கள். வீட்டில் விட்டுவந்த என் பசு இதனைப் போன்றது என்று, கண்முன் இல்லாத பசுவைப் பற்றி அடையும் அறிவே அது. வகுப்பில் இதைப் படித்தபோது சொல்விளையாட்டு என்று நினைத்திருந்தேன். சென்ற வாரம் மாட்டுங்காவில், கோயில் வாசலில் புல்கட்டுகளோடு ஒரு பசுவைக் கட்டிவைத்து அமர்ந்திருக்கும் அம்மையாரைக் கடந்து சென்றேன். பல ஆண்டுகளாகக் கடந்து செல்லும் பசு அது. புல் வாங்கிக் கொடுத்துவிட்டு நின்று பார்த்தேன். தலையைத் தாழ்த்தித் தின்றபோது தோளுக்குப் பின்னால் முதுகெலும்பின் முட்கள் தோலுக்கடியில் சிறிது உயர்ந்து தெரிந்தன. "இன்னொரு கட்டு வேணுமாம்மா?" என்று கேட்டார் அவர். வாங்கிக்கொண்டேன்.